ஜெர்மனியை ஒன்றாக்கியது பிஸ்மார்க் ஒருவர்தானா? ஆஸ்திரியா ஏன் சேரவில்லை?

"இரத்தமும் இரும்பும் கொள்கையால் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் மூன்று போர்கள் நடத்தி ஜெர்மனியை ஒன்றாக்கினார் என்று பாடத்தில் படிக்கிறோம். ஒரே மனிதரால் எட்டு, ஒன்பது வருடங்களில் இதைச் செய்ய முடியுமா? ஜெர்மன் பேசுகிற ஆஸ்திரியா மட்டும் ஏன் வெளியே நின்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் நேராகக் கேட்காத இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: 1871இல் உண்டானது என்ன மாதிரியான நாடு? அதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் தானாகவே வந்துவிடும்.

கல்லூரியில் இருபது வருடங்களுக்கு மேல் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். முதல் சில வருடங்கள் நானும் உங்கள் பாடப்புத்தகம் சொல்வதைத்தான் சொன்னேன். அப்புறம் ஜெர்மன் கற்றுக்கொண்டு, 1871ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தை மூலத்தில் படித்த அன்று என் பாடக்குறிப்புகளைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அதன் முகவுரையில் "மக்களாகிய நாம்" என்ற பேச்சே கிடையாது. வட ஜெர்மன் கூட்டமைப்பின் பெயரால் பிரஷ்ய அரசர், பவேரிய அரசர், வூர்ட்டெம்பெர்க் அரசர், பாடன் கோமகன், ஹெஸ்ஸே கோமகன் ஆகியோர் தங்களுக்குள் நிரந்தரமான ஒரு கூட்டணியை ஏற்படுத்திக்கொள்கிறார்கள், அந்தக் கூட்டணிக்கு ஜெர்மன் பேரரசு என்று பெயர் என்று அது தொடங்குகிறது. அதாவது காகிதத்தில் அது அரசர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். இதை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் போவோம்.

1806 ஆகஸ்ட் 6 வரைக்கும் புனித ரோமப் பேரரசு என்று ஒன்று இருந்தது. நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் ஆயர்களின் நிலங்களும் சுதந்திர நகரங்களும் அதற்குள் அடக்கம். நெப்போலியனின் நெருக்கடியில் கடைசிப் பேரரசர் இரண்டாம் பிரான்சிஸ் அதைக் கலைத்தார். அதற்குள் நெப்போலியன் காலத்து மாற்றங்களில் சிறியவை பெரியவற்றோடு கரைந்து எண்ணிக்கை நாற்பதுக்குள் வந்துவிட்டது. 1815இல் வியன்னா மாநாடு 39 அரசுகளைச் சேர்த்து ஜெர்மன் கூட்டமைப்பு என்று ஒன்றை அமைத்தது. பிராங்பர்ட்டில் அதன் சபை கூடியது, தலைமை ஆஸ்திரியாவுக்கு. ஆகவே 1871க்கு முன் "ஜெர்மனி" என்ற சொல்லும் இருந்தது, ஓர் அமைப்பும் இருந்தது. ஆனால் அதற்குப் பொதுவான அரசாங்கமோ பொதுப் பணமோ கிடையாது. அதே மாநாட்டில் ரைன் ஆற்றங்கரைப் பகுதிகளும் வெஸ்ட்பாலியாவும், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்குக் கிடைத்தன. பிரான்சுக்கு எதிரே ஒரு காவல்காரன் வேண்டும் என்றுதான் அதைக் கொடுத்தார்கள். ரூர் பகுதி நிலக்கரி எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போது யாருக்கும் புரிந்திருக்கவில்லை. பிற்காலத்தில் பிரஷ்யாவைத் தொழில் வல்லரசாக்கியது அதுதான்.

பொருளாதாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பிஸ்மார்க் வருவதற்கு வெகு முன்பே அங்கே வேலை தொடங்கிவிட்டது. 1819இல் பிரெடரிக் லிஸ்ட் என்ற பொருளியலாளர் வியாபாரிகள் சார்பில் எழுதிய மனுவில் ஒரு வேதனை இருக்கிறது. ஹாம்பர்க்கிலிருந்து ஆஸ்திரியாவுக்கோ, பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்கோ சரக்கு அனுப்ப வேண்டுமானால் பத்து அரசுகளைக் கடந்து, பத்து விதமான சுங்க விதிகளைப் படித்து, பத்து முறை வரி கட்ட வேண்டும் என்றார் அவர். பிரஷ்யா 1818இல் தன் எல்லைக்குள் இருந்த உள்சுங்கங்களை ஒழித்தது. பிறகு அண்டை அரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்து, 1834 ஜனவரி 1 அன்று சொல்வரெய்ன் என்ற சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவில் சுங்கச்சாவடிகளின் தடுப்புக் கட்டைகள் தூக்கப்பட்டதும், காத்திருந்த சரக்கு வண்டிகள் ஆரவாரத்தோடு எல்லை தாண்டின என்று ஒரு காட்சியைப் பல நூல்களில் காணலாம். பிரஷ்யாவின் பெருமையைப் பாடவென்றே பின்னாளில் எழுதியவர்கள் வழியாக வந்த காட்சி அது. அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒன்றியத்தில் ஆஸ்திரியா இல்லை என்பது உறுதியான உண்மை. தன் நாட்டுத் தொழில்களைக் காக்க உயர்ந்த சுங்கவரி வேண்டும் என்பது வியன்னாவின் நிலை. 1862இல் பிரஷ்யா பிரான்சோடு குறைந்த வரிக்கு ஒப்பந்தம் போட்டபோது, ஆஸ்திரியா உள்ளே வர இருந்த கொஞ்ச நஞ்ச வழியும் அடைபட்டது.

சரி, சுங்க ஒன்றியம்தான் நாட்டை ஒன்றாக்கியது என்று எழுதிவிடலாமா? பல மாணவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். நான் மதிப்பெண் குறைப்பேன். 1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் வந்தபோது பவேரியா, சாக்சனி, ஹனோவர், வூர்ட்டெம்பெர்க், பாடன் என்று ஒன்றியத்தின் பெரிய உறுப்பினர்கள் எல்லோருமே பிரஷ்யாவுக்கு எதிராகப் படை திரட்டினார்கள். அவர்களில் பலர் முப்பது வருடங்கள் ஒரே சந்தையில் இருந்தவர்கள். சேர்ந்து வியாபாரம் செய்கிறவர்கள் ஒரே அரசின் கீழ் வாழச் சம்மதிப்பார்கள் என்பது தானாக நடக்கிற காரியம் கிடையாது. சந்தையும் 1835இலிருந்து பரவிய ரயிலும் ஒன்றுபடுவதைச் சுலபமாக்கின, அதைக் கட்டாயமாக்கவில்லை.

இப்போது 1848. ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்த அந்த வருடம், மே 18 அன்று பிராங்பர்ட் நகரத்துப் பவுல் தேவாலயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் ஒன்று கூடியது. உங்கள் ஆஸ்திரியக் கேள்வி முதன்முதலில் நேருக்கு நேராக எழுந்தது அங்கேதான். ஆஸ்திரியாவைச் சேர்த்துப் "பெரிய ஜெர்மனி" வேண்டும் என்றனர் ஒரு சாரார். அது வேண்டாம், பிரஷ்யா தலைமையில் "சிறிய ஜெர்மனி" போதும் என்றனர் மறுசாரார். சிக்கல் என்னவென்றால், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசகுடும்பத்தின் ஆட்சியில் ஜெர்மானியர்கள் மட்டும் இல்லை. ஹங்கேரியர், செக்குகள், போலந்துக்காரர், குரோவேஷியர், இத்தாலியர் எல்லோரும் இருந்தார்கள். ஜெர்மன் நாட்டின் எந்தப் பகுதியும் ஜெர்மன் அல்லாத நிலங்களோடு ஒரே அரசாக இருக்கக் கூடாது என்று பிராங்பர்ட் சபை முடிவெடுத்தது. அதை ஏற்றால் ஹாப்ஸ்பர்க் பேரரசு இரண்டாகப் பிளக்க வேண்டும். வியன்னா மறுத்து, 1849 மார்ச்சில் தன் நிலம் முழுவதற்கும் ஒரே சாசனத்தை அறிவித்துவிட்டது. ஆஸ்திரியா சேராததற்கு அடிப்படைக் காரணம் இதுதான். பிஸ்மார்க் அதைத் தள்ளிவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் தன் பேரரசைத் துறக்காமல் ஒரு ஜெர்மன் தேசிய அரசுக்குள் நுழைய ஆஸ்திரியாவால் முடியாது என்பது அவருக்கு முன்பே தெரிந்துபோயிற்று.

அந்தச் சபையின் தலைவர் எட்வர்ட் சிம்சன். கோனிக்ஸ்பெர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான சட்ட அறிஞர். 1849 ஏப்ரல் 3 அன்று இவர் தலைமையில் ஒரு குழு பெர்லினுக்குப் போய்ப் பிரஷ்ய அரசர் நான்காம் பிரெடரிக் வில்லியமிடம் பேரரசர் மகுடத்தை நீட்டியது. அரசர் மரியாதையாகப் பேசி, மற்ற அரசர்களின் சம்மதம் இல்லாமல் ஏற்க முடியாது என்று சொல்லி அனுப்பினார். தனிப்பட்ட கடிதங்களில் அந்த மகுடத்தைச் சேற்றோடும் களிமண்ணோடும் ஒப்பிட்டு எழுதினார். மக்கள் கையால் மகுடம் வாங்குவது அவருக்கு அவமானம். சிம்சன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1862 செப்டம்பரில் பிஸ்மார்க் பிரஷ்யாவின் பிரதமர் ஆனதற்கும் ஜெர்மன் ஒற்றுமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. படையைப் பெருக்க அரசர் முதலாம் வில்லியம் பணம் கேட்டார். பெர்லின் சட்டசபையின் தாராளவாதப் பெரும்பான்மை மறுத்தது. முடியைத் துறக்கலாமா என்று அரசர் யோசிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியபோதுதான் பிஸ்மார்க்கை அழைத்தார்கள். செப்டம்பர் 30 அன்று சட்டசபையின் வரவு செலவுக் குழுவில், காலத்தின் பெரிய கேள்விகள் பேச்சாலும் பெரும்பான்மைத் தீர்மானங்களாலும் முடிவாகாது, இரும்பாலும் இரத்தத்தாலும்தான் முடிவாகும் என்று அவர் பேசினார். அது ஏதோ முரசறைந்து சொன்ன கொள்கை விளக்கம் என்று நினைக்காதீர்கள். வரிப்பணத்துக்காக நடந்த சண்டையில் சொன்ன வார்த்தை அது. கேட்ட பலருக்கும் அப்போது அது வெறும் முரட்டுத்தனமாகப் பட்டது. சட்டசபை ஒப்புதல் இல்லாமலேயே நான்கு வருடங்கள் வரி வசூலித்து ஆட்சி நடத்தினார்.

1864இல் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு சிற்றரசுகளுக்காகப் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கைத் தோற்கடித்தன. கிடைத்த நிலத்தை எப்படி நிர்வகிப்பது என்பதில் இருவருக்கும் தகராறு. 1866 ஜூன் 14 அன்று பிராங்பர்ட் சபையில் பிரஷ்யாவுக்கு எதிராகப் படை திரட்டும் தீர்மானம் நிறைவேறியது. கூட்டமைப்பே முடிந்துவிட்டது என்று சொல்லிப் பிரஷ்யா வெளியேறியது. ஜூலை 3 அன்று பொஹீமியாவில் கோனிக்ரெட்ஸ் அருகே, நம் புத்தகங்கள் சடோவா என்று குறிப்பிடும் இடத்தில், இரு பக்கமும் சேர்த்து நான்கு லட்சம் பேருக்கு மேல் மோதினார்கள். பிரஷ்யத் தளபதி மோல்ட்கே ரயிலில் படைகளைப் பிரித்துக் கொண்டுவந்து களத்தில் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார். படுத்துக்கொண்டே குண்டு நிரப்பிச் சுடக்கூடிய ஊசித் துப்பாக்கி பிரஷ்ய வீரர்களிடம் இருந்தது. அப்படியும் பட்டத்து இளவரசரின் படை மதியத்துக்கு மேல் வந்து சேரும்வரை முடிவு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்று அந்தப் படை இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் நீங்களும் நானும் பிஸ்மார்க் பெயரை இவ்வளவு பேசியிருப்போமா என்பது சந்தேகம்.

ஒரு மேதையின் முன்கூட்டிய திட்டமாக இதையெல்லாம் சொல்ல நான் தயங்குவது இதனால்தான். 1862இலேயே லண்டனில் ஒரு விருந்தில் தன் முழுத் திட்டத்தையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார் என்றொரு கதை உண்டு. எல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதப்பட்ட நினைவுகளில்தான் அது வருகிறது. பிஸ்மார்க்கின் சொந்த நினைவுக்குறிப்புகளும் பதவி போன பிறகு, பழைய கணக்குகளைத் தீர்க்கும் மனநிலையில் எழுதியவை. அவற்றை ஒரே சாட்சியாக வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. என் வாசிப்பில் அவரிடம் இருந்தது நிச்சயமான ஒரு குறிக்கோள்: வட ஜெர்மனியில் பிரஷ்யாவுக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது. அதற்கான பாதையை அவர் சந்தர்ப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போனார். அவருடைய பெரிய திறமை நிறுத்துவதில் தெரிந்தது. கோனிக்ரெட்ஸ் வெற்றிக்குப் பிறகு வியன்னாவுக்குள் நுழைய வேண்டும் என்று அரசர் அடம்பிடித்தார். பிஸ்மார்க் மல்லுக்கட்டித் தடுத்தார். ஆஸ்திரியாவிடமிருந்து பிரஷ்யா ஓர் அங்குலம் நிலம்கூட எடுக்கவில்லை. வெனிஸ் பகுதி மட்டும் கூட்டாளியான இத்தாலிக்குப் போனது. ஆனால் ஜெர்மன் விவகாரங்களிலிருந்து விலகுவதாக ஆஸ்திரியா கையெழுத்துப் போட்டது.

மற்ற ஜெர்மன் அரசுகளிடம் அந்த மென்மை இல்லை. ஹனோவர், ஹெஸ்ஸே-காசெல், நாசாவ், பிராங்பர்ட் நகரம், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் எல்லாவற்றையும் பிரஷ்யா விழுங்கியது. ஹனோவரின் அரசகுடும்பம் பழமையில் யாருக்கும் குறைந்ததில்லை. அதையே அரியணையிலிருந்து இறக்கினார்கள். கூட்டமைப்பில் கூடவே இருந்த ஆஸ்திரிய ஜெர்மானியர்கள் வெளியே போனார்கள், உள்ளே இருந்தவர்களில் பலர் பலவந்தமாகப் பிரஷ்யர்கள் ஆக்கப்பட்டார்கள். வகுப்பில் 1866ஐ நான் ஒற்றுமையின் படி என்று மட்டும் சொல்வதில்லை. அது ஒரு பாகப்பிரிவினை என்றும் சொல்வேன்.

1867இல் மைன் ஆற்றுக்கு வடக்கே 22 அரசுகள் சேர்ந்து வட ஜெர்மன் கூட்டமைப்பு ஆயின. 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, ரகசிய வாக்கு. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். பிரிட்டனில் அப்போது அப்படி இல்லை. தெற்கே பவேரியாவும் வூர்ட்டெம்பெர்க்கும் இதில் சேர ஆவலாக இருந்ததாகத் தெரியவில்லை. 1868இல் சுங்க நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது அந்த இரண்டு இடங்களிலும் பிரஷ்யாவை எதிர்ப்பவர்களே நிறைய வென்றார்கள். கத்தோலிக்கர் அதிகமுள்ள தெற்குக்குப் புராட்டஸ்டன்ட் பிரஷ்யா மேல் நம்பிக்கை வரவில்லை. பொதுவான ஆபத்து ஒன்று வராமல் இந்த ஆற்றைத் தாண்டுவது கடினமாக இருந்தது.

அந்த ஆபத்து 1870 ஜூலையில் வந்தது. காலியாக இருந்த ஸ்பெயின் அரியணைக்கு, பிரஷ்ய அரசரின் குலமான ஹோஹென்சோலெர்ன் குடும்பத்து இளவரசர் ஒருவர் பெயர் அடிபட்டது. பிரான்ஸ் கொதித்ததும் அவர் விலகினார். அதோடு விட்டிருந்தால் பிரான்சுக்கு வெற்றி. ஆனால் இனி எப்போதும் இப்படி நடக்காது என்று உறுதி தரும்படி, எம்ஸ் நகரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அரசர் வில்லியமிடம் பிரெஞ்சுத் தூதர் ஜூலை 13 அன்று கேட்டார். அரசர் மறுத்தார். நடந்ததைச் சொல்லும் தந்தி பெர்லினில் பிஸ்மார்க் கைக்கு வந்ததும், அதைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பொய் எதையும் சேர்த்ததாகச் சொல்ல முடியாது. இருந்ததை வெட்டியதிலேயே தொனி மாறி, இரு பக்கமும் அவமானப்பட்டது போல் ஆயிற்று. ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது. இந்தப் போரைத் தொடக்கத்திலிருந்தே பிஸ்மார்க் விரித்த வலையாகப் பார்க்கும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள்; பாரிஸின் அவசர புத்திக்கும் சம பங்கு தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆவணங்கள் இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுக்கின்றன. போர் வராமல் தடுக்க அவர் எதுவும் செய்யவில்லை என்பது வரை நான் உறுதியாகச் சொல்வேன். முன்பே போட்டிருந்த ரகசியப் பாதுகாப்பு ஒப்பந்தங்களின்படி தெற்கு அரசுகள் பிரஷ்யாவோடு களம் இறங்கின. செப்டம்பர் 2 அன்று செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தார்.

பேரரசு உண்மையில் உருவானது அடுத்து வந்த நவம்பர் மாதத்தில், மேசையில். பாடனும் ஹெஸ்ஸேவும் 15ஆம் தேதி, பவேரியா 23ஆம் தேதி, வூர்ட்டெம்பெர்க் 25ஆம் தேதி கையெழுத்திட்டன. பவேரியா பேரம் பேசி நிறைய வாங்கிக்கொண்டது: சமாதான காலத்தில் தன் படை தன் அரசர் கையில், தபால் தனக்கு, ரயில் தனக்கு, பீர் மீதான வரியும் தனக்கு. அடுத்த சிக்கல், பேரரசர் பட்டத்தை யார் தருவது? பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் எழுத வேண்டிய கடிதத்தைப் பிஸ்மார்க்கே வரைந்து கொடுத்தார். லுட்விக் கோட்டைகள் கட்டிக் கடனில் தவித்தவர். ஹனோவர் அரசரிடம் பறிமுதல் செய்த சொத்திலிருந்து அவருக்கு வருடாவருடம் ரகசியமாகப் பணம் போனது. இது ஊகம் இல்லை, ஆவணங்களில் உள்ளது. பணத்துக்காக மட்டும்தான் அவர் எழுதினாரா என்றால், அதை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. அவர் எழுதாவிட்டால் வேறு அரசர் யாராவது முந்திக்கொள்வார், பவேரியா தனித்து நிற்க நேரும் என்ற கவலையும் இருந்தது.

டிசம்பர் 18 அன்று நாடாளுமன்றக் குழு ஒன்று வெர்சேல்ஸுக்கு வந்து, பட்டத்தை ஏற்கும்படி அரசர் வில்லியமிடம் வேண்டிக்கொண்டது. குழுவின் தலைவர் யார் தெரியுமா? அதே சிம்சன். இருபத்தொரு வருடத்துக்கு முன் அண்ணன் மறுத்ததைத் தம்பியிடம் கேட்க வந்திருந்தார். இந்த முறை அரசர்கள் முதலில் சம்மதித்துவிட்டதால் மறுப்பு இல்லை. பிராங்பர்ட்டில் மக்கள் பிரதிநிதிகள் கொடுக்க வந்த மகுடம், வெர்சேல்ஸில் அரசர்கள் கொடுத்ததை மக்கள் பிரதிநிதிகள் வழிமொழிவதாக மாறியிருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் மனதைத் தொடும் இடம் இது. 1848ஆம் ஆண்டுக்காரர்கள் பலருக்கு அது ஆசை நிறைவேறிய நாளும்தான், ஏமாந்த நாளும்தான்.

சட்டப்படி பேரரசு 1871 ஜனவரி 1 அன்றே தொடங்கிவிட்டது. தேர்வில் ஜனவரி 18 என்றே எழுதுங்கள். விடைத்தாளில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அது வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் அறிவிப்பு விழா நடந்த நாள். 1701இல் முதல் பிரஷ்ய அரசர் முடிசூடிய அதே தேதி என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் முழுக்கப் பட்டத்தின் பெயர் பற்றி வாக்குவாதம். "ஜெர்மனியின் பேரரசர்" என்பதுதான் வேண்டும் என்றார் வில்லியம். அப்படிச் சொன்னால் மற்ற அரசர்களின் நிலமும் அவருடையது என்று ஆகிவிடும். ஆகவே "ஜெர்மன் பேரரசர்" என்பதற்கு மேல் போகக் கூடாது என்றார் பிஸ்மார்க். கடைசியில் பாடன் கோமகன் இரண்டையும் தவிர்த்து "பேரரசர் வில்லியம் வாழ்க" என்று முழங்கினார். புதுப் பேரரசர் பிஸ்மார்க்குக்குக் கைகொடுக்காமல் தாண்டிப்போனார். மண்டபம் முழுக்கச் சீருடை. மக்கள் பிரதிநிதிகளுக்கு அங்கே இடம் இல்லை. பவேரிய அரசர் வரவில்லை. வந்திருந்த அவருடைய தம்பி, அந்த விழா தன்னை எவ்வளவு வருத்தியது என்று அண்ணனுக்கு எழுதினார். நம் புத்தகங்களில் அச்சாகும் ஓவியத்தில் பிஸ்மார்க் வெள்ளைச் சீருடையில் நிற்பார். அன்று அவர் அணிந்திருந்தது நீலம். 1885இல் அவருக்குப் பிறந்தநாள் பரிசாக வரைந்த படத்தில் ஓவியர் செய்த மாற்றம் அது.

இப்படி உருவான நாட்டில் 25 அரசுகள்: நான்கு முடியரசுகள், பதினெட்டுச் சிறிய கோமகன், இளவரசர் ஆட்சிகள், ஹாம்பர்க், பிரேமன், லூபெக் என்ற மூன்று நகரங்கள். பிரான்சிடமிருந்து எடுத்த அல்சேஸ்-லொரேன் தனி. மக்கள் தொகை சுமார் 4 கோடி 10 லட்சம். அதில் ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யாவில். அரசுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்த மேலவையில் 58 வாக்குகள், பிரஷ்யாவுக்கு 17. சாசனத்தைத் திருத்தவிடாமல் தடுக்க 14 போதும். ஆகவே பிரஷ்யா சம்மதிக்காமல் ஒன்றும் மாறாது. ஆனால் பவேரியாவின் 6, சாக்சனியின் 4, வூர்ட்டெம்பெர்க்கின் 4 ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் 14. யாரையும் முழுக்க விழுங்கவிடாத கணக்கு அது. மக்கள் தேர்ந்தெடுத்த ரைக்ஸ்டாக் சபைக்குச் சட்டம் இயற்றவும் வரவு செலவை ஏற்கவும் அதிகாரம் உண்டு. பேரரசின் தலைமை அமைச்சரான சான்ஸ்லரை நீக்க அதிகாரம் இல்லை. அவர் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். பிரஷ்யாவுக்குள்ளோ, கட்டும் வரியை வைத்து வாக்காளர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் பழைய முறை 1918 வரை தொடர்ந்தது. ஒரே மனிதர் பேரரசின் தேர்தலில் எல்லோருக்கும் சமமான வாக்காளர், அடுத்த மாதம் பிரஷ்யத் தேர்தலில் மூன்றாம் வகுப்பு வாக்காளர்.

சிறுவயதில் தபால்தலை சேர்த்தபோது, ஜெர்மன் பக்கத்தில் ஒட்ட வேண்டிய சில தலைகளில் "பயர்ன்" என்று வேறு பெயர் இருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன். பவேரியா 1920 வரை தனக்கென்று தபால்தலை அச்சிட்டது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. படையும் அப்படித்தான். பேரரசுக்கென்று ஒரு போர் அமைச்சகமே இல்லை. பிரஷ்யப் படை, பவேரியப் படை, சாக்சனிப் படை, வூர்ட்டெம்பெர்க் படை என்றுதான் இருந்தன. கடற்படை மட்டுமே முழுக்க முழுக்கப் பேரரசுடையது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன எம்டன் கப்பல் அந்தக் கடற்படையைச் சேர்ந்தது. "அவன் பெரிய எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதுவேதான்.

நாடு ஒன்றானது 1871க்குப் பிறகுதான் அதிகம் என்பது என் கருத்து. தாலரும் குல்டனும் போய் மார்க் பொதுப் பணமானது. 1876இல் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் திறந்தது. 1879இல் லைப்சிக் நகரில் உச்ச நீதிமன்றம் வந்தது. அதன் முதல் தலைவரும் நம் சிம்சன்தான். ஹாம்பர்க்கும் பிரேமனும் சுங்க எல்லைக்குள் வந்தது 1888இல். நாடு முழுக்க ஒரே கடிகார நேரம் 1893இல். பொதுவான குடிமைச் சட்டம் 1900 ஜனவரி 1 அன்று. நோய், விபத்து, முதுமைக் காப்பீடுகள் 1883, 1884, 1889இல் சட்டமாகி, தொழிலாளியை நேராகப் பேரரசோடு இணைத்தன. இன்னொரு பக்கம், அதே அரசு தன் குடிமக்களையே சந்தேகித்தது. மூன்றில் ஒரு பங்கான கத்தோலிக்கர் மேல் 1870களில் அடக்குமுறைச் சட்டங்கள். 1878 முதல் 1890 வரை சோஷலிஸ்டுகள் மேல் தடை. கிழக்கே போலந்து மொழி பேசியவர்களின் நிலத்தில் ஜெர்மானியர்களைக் குடியேற்ற அரசு ஆணையம். 1874இல் முதன்முறை ரைக்ஸ்டாக் வந்த அல்சேஸ்-லொரேன் உறுப்பினர்கள் இணைப்பை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அடக்கியதில் எதுவும் பலிக்கவில்லை. 1871 தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர்தான் வாக்களித்தார்கள். 1912இல் ஏறத்தாழ 85 விழுக்காடு. தடை செய்யப்பட்டிருந்த அதே சோஷலிஸ்டுகள் 110 இடங்களோடு மிகப் பெரிய கட்சி. மக்கள் அந்தச் சபையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள் என்றே நான் படிக்கிறேன்.

இந்த அமைப்பின் குறைகள்தான் பின்னால் ஹிட்லர் வரைக்கும் கொண்டுபோயின என்று ஒரு தரப்பு நெடுங்காலமாக வாதிடுகிறது. மக்களாட்சி இல்லாத அடித்தளம், படைக்குக் கொடுத்த மிதமிஞ்சிய மரியாதை என்று அவர்கள் காட்டும் காரணங்களை ஒதுக்க முடியாது. ஆனால் இடையில் ஓர் உலகப்போரும், பணவீக்கமும், 1929இன் பொருளாதாரச் சரிவும் இருக்கின்றன. 1871ஐ 1933க்கு நேர்கோடாக இழுப்பதை நான் ஏற்கவில்லை. என் சக ஆசிரியர்களில் நன்கு படித்த சிலர் ஏற்கிறார்கள்.

கடைசியாக ஆஸ்திரியா. 1918 நவம்பர் 7, 8இல் பவேரிய அரசர் முதலில் வீழ்ந்தார், 9ஆம் தேதி பேரரசர், அந்த மாதம் முடிவதற்குள் மற்ற அரசர்கள் எல்லோரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட குடும்பங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. வெறும் அரசர்களின் கூட்டணி என்றால் அத்தோடு அது கலைந்திருக்க வேண்டும், கலையவில்லை. 1919 சாசனம் ஜெர்மன் மக்களின் பெயரால் தொடங்கி, பேரரசைக் குறித்த ரைக் என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டு, அது குடியரசு என்று அறிவித்தது. அதற்கு முன்பே, 1918 நவம்பர் 12 அன்று, வியன்னாவிலும் ஹாப்ஸ்பர்க் பேரரசு சிதறி ஜெர்மன் பேசுகிற பகுதி மட்டும் தனியே நின்றபோது, அங்கே கூடிய சபை தன்னை ஜெர்மன் குடியரசின் ஒரு பகுதி என்று அறிவித்தது. எழுபது வருடங்களாகத் தடையாக இருந்த மற்ற இனங்களின் நிலங்கள் அப்போது ஆஸ்திரியாவிடம் இல்லை. முதல் உலகப்போரில் வென்ற நாடுகள் சமாதான உடன்படிக்கைகளில் அந்த இணைப்பைத் தடுத்துவிட்டன.